சின்னையா சம்பந்தியும் வடத்தின் இடது பக்கமும்

செய்தி வந்தபோது நான் பாயான் பாரு பாசாரில் மீன் கடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கெம்போங் மீனைச் சுத்தம் செய்து தரச் சொல்லிவிட்டு, செதில் சட்டையில் தெறிக்காமல் இருக்க ஒதுங்கி நின்ற நேரம். கைப்பேசி அடித்தது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் மாப்பிள்ளை குமரன். வேலை நாள் காலையில் அவர் என்னைக் கூப்பிடுவதே இல்லை.

"மாமா, அப்பா போயிட்டாராம். கொட்டகையில விழுந்து கெடந்தாராம். வேலைக்கார மணியம் அண்ணே இப்பதான் போன் அடிச்சாரு. நீங்க மொதல்ல போய்ப் பாருங்க மாமா. அம்மா தனியா இருக்காங்க."

நிபோங் திபாலில் நடந்த மரணம் ஆஸ்திரேலியா வரை போய், திரும்பி எனக்கு வந்து சேர்ந்திருந்தது. பினாங்குத் தீவில் இருக்கும் எனக்கும் நிபோங் திபாலுக்கும் நடுவில் ஒரு பாலம்தான். அந்தப் பாலத்தில் காரை ஓட்டிக்கொண்டு போகும்போது, அழுகையோடு ஏதோ நாற்றமும் வருகிறதே என்று பார்த்தால், மீன் பை என் மடியிலேயே இருந்தது. சம்பந்தி பார்த்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சிரித்திருப்பார்.

போய்ப் பார்த்தேன். கூடத்தில் பாயில் கிடத்தியிருந்தார்கள். சின்னையா சம்பந்தியை அசையாமல் நான் பார்த்தது அன்றுதான். அந்த மனிதருடைய ஏதாவது ஒரு பாகம் எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும். காலாவது ஆடும், விரலாவது மேசையைத் தட்டும். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். அவர் விட்ட வேலையை நான் எடுத்துக்கொண்டது போல இருந்தது.

மறுநாள் மாப்பிள்ளையும் என் மகள் செல்வியும் வந்து இறங்கினார்கள். அன்று மதியம் எங்கள் முருகன் கோயில் செயலாளர் கோவிந்தன் அண்ணன் மாலையோடு வந்தார். தட்டில் மாலைக்குப் பக்கத்தில் ஒரு பட்டுத் துணி மடித்து வைத்திருந்தது. பரிவட்டம். ரதத் திருவிழாவில் முதல் மரியாதையாகத் தலையில் கட்டும் துணி. அதை எடுத்துச் சம்பந்தியின் தலையில் கட்டினார். கட்டும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. மாப்பிள்ளையும் அழுதார். பிறகு கோவிந்தன் அண்ணன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, அடுத்த மாசம் ரதம். இந்த ஒரு வருசம் அப்பாவோட காளைங்க இழுக்கட்டும். அவரு ஞாபகமா. ஊரே பாக்கட்டும்."

மாப்பிள்ளை தலையை ஆட்டினார்.

எனக்குப் பகீரென்றது. ஏனென்றால் அந்தக் காளைகளை ரதத்திலிருந்து அவிழ்த்து விடுவதற்காகத்தான் அதே பரிவட்டத்தை அந்த மனிதர் வேண்டாம் என்று விட்டார். அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்து, அவர் கடைசியாகச் செய்த பெரிய காரியத்தை அவிழ்த்துப் போடப் பார்க்கிறார்கள். ஆனால் நான் பெண்ணைக் கொடுத்தவன். சாவு வீட்டில், மாப்பிள்ளை கொடுத்த வாக்கை எதிர்த்துப் பேச எனக்கு வாய் எங்கே இருக்கிறது? இருந்த வாயையும் மூடிக்கொண்டு நடந்தேன்.

நினைவஞ்சலி எழுதச் சொல்லி என்னைக் கேட்டதும் கோவிந்தன் அண்ணன்தான். கோயில் மலரில் போட. "ரெண்டு பக்கம் எழுது கணேசா. மாட்டைப் பத்தி அதிகம் எழுதாத, மனுசனைப் பத்தி எழுது," என்றார். முயற்சி செய்து பார்த்தேன் அண்ணே. பிரிக்க முடியவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் எஸ்.பி.எம். பரீட்சை வரை படித்தவன், அதிலும் கணக்கு என்னை விட்டு ஓடியது, நானும் துரத்தவில்லை. தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவன். ஒன்றை எழுத உட்கார்ந்தால் இன்னொன்றையும் கழற்றிப் பார்க்காமல் இருக்க வராது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமரர் சின்னையா அவர்கள் பால் வியாபாரி. மாடுகள் நிபோங் திபாலில், எண்ணெய்ப் பனைத் தோட்டத்தின் ஓரத்தில். பால் ஜார்ஜ்டவுனுக்கும் பாகான் டாலாமுக்கும் வேனில் போகும். கறவை மாடுகளோடு இரண்டு பெரிய காளைகளும் அவரிடம் எப்போதும் இருக்கும். எங்கள் கோயில் ரதத்தை இழுப்பது அந்த வீட்டுக் காளைகள்தான். அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படி. திருவிழா அன்று விடியற்காலையில் காளைகள் லாரியில் பாலம் தாண்டி வரும். கொம்புக்குச் சாயம், கழுத்துக்கு மணி, முதுகுக்குப் பட்டு. காளைக்காரரான சம்பந்தி பரிவட்டம் கட்டிக்கொண்டு முன்னால் நடப்பார். ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் மாடியிலிருந்து ஜனங்கள் பார்ப்பார்கள். அந்த ஒரு நாளுக்காக வருஷம் முழுக்கத் தவிடு வாங்குகிறவர் அவர். இப்போதிருந்த ஜோடிக்கு அவர் வைத்த பெயர் பெரியவன், சின்னவன். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "நல்ல பேருங்களையெல்லாம் மனுசனுங்க எடுத்துக்கிட்டாங்க சம்பந்தி," என்றார்.

முதன்முதலில் அவரைப் பார்த்தது பெண் பார்க்க வந்தபோது. என் வீட்டில் அவருக்காக ஒரு புது நாற்காலி வாங்கி வைத்திருந்தேன். தேநீர் குடித்து முடிக்கும் வரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"உட்காருங்க சம்பந்தி."

"இருக்கட்டும் இருக்கட்டும். நாற்காலி எங்க போயிடப் போகுது."

என் மகளிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி. "பால் குடிப்பியாம்மா?"

செல்விக்கு என் குணம். வாயில் வந்ததைச் சொல்லிவிடும். "புடிக்காது மாமா. நாத்தமா இருக்கும்."

என் மனைவி கையிலிருந்த தட்டு சாய்ந்தது. பால்காரரின் வீட்டுக்குப் போக வேண்டிய பெண். ஆனால் அவர் சிரித்துவிட்டார். "நல்லதாப் போச்சு. ஒருத்தராச்சும் எங்கிட்ட ஓசில பால் கேக்க மாட்டாங்க," என்று சொல்லி, நின்றபடியே வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொண்டார். அந்த நாற்காலி இன்னும் புதிதாகத்தான் இருக்கிறது.

பேரன் பிறந்தபோது நாங்கள் நான்கு பேரும் ஆஸ்திரேலியா போனோம். மாப்பிள்ளை சுரங்கத்தில் என்ஜினியர், மகள் அங்கேயே மருத்துவமனையில் தாதி. கடலே தெரியாத உள்நாட்டு ஊர். பெண்கள் இருவருக்கும் குழந்தையோடு வேலை இருந்தது. எங்கள் இருவருக்கும் அந்த வீட்டில் ஒரு வேலையும் இல்லை. நான் சோபாவில் கிடந்தேன். சம்பந்தி துணி காயப்போடும் கம்பியைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர், "உங்கள் அப்பா எதையாவது தொலைத்துவிட்டாரா?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டாராம்.

இவரை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போனால்தான் புல் முளைக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை சொன்னார்: "அப்பா, ஊருல ரோடியோ நடக்குது. காளை மேல ஏறி உக்கார்ற போட்டி. நீங்க மாட்டுக்காரரு, உங்களுக்குப் புடிக்கும்."

போனோம். கம்பி வேலி போட்ட மண் திடல், சுற்றிலும் படி படியாக அலுமினிய பெஞ்சு, எல்லார் தலையிலும் தொப்பி. நானும் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். "காளான் மாதிரி இருக்கீங்க சம்பந்தி," என்றார் அவர். பசித்தது. ஆனால் அங்கே விற்ற எல்லாவற்றிலும் மாடு. திடலில் ஓடியதும் மாடு, ரொட்டிக்குள் கிடந்ததும் மாடு. உருளைக்கிழங்கு வறுவலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அதாவது நான் உட்கார்ந்தேன்.

ஒலிபெருக்கியில் பாட்டு அலறியது. ஓரத்தில் இரும்புக் கூண்டு. அதற்குள் காளை. காளையின் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை கட்டியிருந்தது. ஒரு வாலிபன் அதன் முதுகில் இறங்கி, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினான். கூண்டுக் கதவு திறந்தது. அந்த உடம்பு அப்படியே மேலே எழும்பி, காற்றில் முறுக்கி, இறங்கியது. எட்டு வினாடி தாங்கினால் மார்க். பையன் மூன்றாவதிலேயே மண்ணில் கிடந்தான். பட்டை தளர்ந்ததும் காளை ஒன்றும் நடக்காதது போல வாசலைத் தேடி உள்ளே போய்விட்டது.

"அந்தக் காளை பேரு டாக்ஸ் மேன், அப்பா. இங்க பாதி மார்க்கு ஆளுக்கு, பாதி மார்க்கு மாட்டுக்கு," என்றார் மாப்பிள்ளை.

சம்பந்தி திரும்பினார். "மாட்டுக்கு மார்க் போடுறானா? நம்ம கோயில்ல நம்ம காளைக்கு என்னா மார்க் போடுவாங்க சம்பந்தி?"

"நெத்தில பொட்டு வைக்கறாங்கள்ல, அதான் பாஸ் மார்க்."

சிரித்தார். அதுதான் அன்று அவர் சிரித்த கடைசிச் சிரிப்பு. அடுத்து கன்றுக்குட்டிகளை விட்டார்கள். கன்று கூண்டிலிருந்து ஓட்டமாக வரும். பின்னாலேயே குதிரையில் ஒருத்தன் வந்து சுருக்குக் கயிற்றை வீசுவான். கயிறு கழுத்தில் விழுந்து இழுபட்டதும் கன்று மல்லாந்து விழும். குதிரையிலிருந்து குதித்து ஓடி, அதைத் தூக்கிப் போட்டு, மூன்று கால்களைக் கட்டிவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்குவான். கூட்டம் கைதட்டும். எங்களுக்குப் பின்னாலிருந்த ஒரு பாட்டி எழுந்து நின்று தட்டினார். கன்று நாக்கைத் தள்ளிக்கொண்டு கிடந்தது.

சம்பந்தி படிகளில் இறங்க ஆரம்பித்துவிட்டார்.

"எங்க சம்பந்தி?"

"கேக்கணும்."

"யாரை?"

"யார் இருக்காங்களோ அவங்கள."

அவருக்குத் தமிழும் மலாயும் தண்ணீர் மாதிரி வரும். ஆங்கிலம் வராது. எனக்குத் தொழிற்சாலை ஆங்கிலம் உண்டு. மாப்பிள்ளையை வறுவலுக்குக் காவல் வைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன். சம்பந்தி சண்டைக்குப் போகும்போது சம்பந்தி சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா?

திடலுக்குப் பின்னால் காளைகள் நிற்கும் இடத்தில் ஓர் அம்மா கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். நரைத்த சடை, புழுதி படிந்த பூட்ஸ். பெயர் ஷெரில். அங்கே ஓடிய காளைகளில் பாதி அவருடையது என்றார். சம்பந்தி ஆரம்பித்தார்.

"சொல்லுங்க சம்பந்தி, இது பால் குடிக்கிற கன்னு, இதுக்குக் கழுத்துல கயித்த வீசி கவுக்குறீங்களே, உங்களுக்கு நெஞ்சுல ஈரம் இல்லையான்னு கேளுங்க."

நான் ஷெரில் அம்மாவிடம் சொன்னேன்: "இவர் மலேசியாவில் மாடு வைத்திருப்பவர். உங்கள் காளைகள் நன்றாக இருக்கின்றன என்கிறார்."

"அவ்வளவு நீளமாவா சொன்னேன்?" என்று முறைத்தார் சம்பந்தி. பிறகு தாமாகவே கைப்பேசியை எடுத்து, பெரியவனும் சின்னவனும் பட்டும் மணியும் பூட்டி ரதத்துக்கு முன்னால் நிற்கும் படத்தைக் காட்டினார். இதைப் பார், மாட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று கற்றுக்கொள் என்ற தோரணையில்.

அந்த அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். அழகான காளைகள் என்றார். பிறகு கேட்க ஆரம்பித்தார். வண்டி எவ்வளவு கனம்? எவ்வளவு நேரம் இழுக்கும்? தார் ரோடா? வெயிலிலா? கூட்டமும் மேளமும் காதுக்குப் பக்கத்திலா? படத்தைப் பெரிதாக்கி மூக்கணாங்கயிற்றைத் தொட்டார். இது மூக்குக்குள் துளை போட்டா போகிறது?

கனத்தையும் நேரத்தையும் சொன்னேன், மற்ற எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன்.

"என்னுடைய காளை வாரத்துக்கு எட்டு வினாடி வேலை செய்கிறது," என்றார் அவர். "மற்ற நேரமெல்லாம் புல்லில் நிற்கிறது. இதை நான் என் காளைக்குச் செய்ய மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் உறைத்தது. "என்னா சொல்லுது?" என்றார் சம்பந்தி. இந்த முறை நான் எதையும் பூசவில்லை. சொன்னபடியே சொன்னேன், எனக்கும் பதில் தேவையாக இருந்தது.

சம்பந்தி கைப்பேசியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். திரும்ப எடுத்தார். திரும்பப் போட்டார். பிறகு மெதுவாக, "அப்ப அந்தக் கன்னுக்குட்டி?" என்று கேட்கச் சொன்னார்.

கேட்டேன். ஷெரில் அம்மா கயிற்றைச் சுற்றி முடித்து, கொக்கியில் மாட்டினார். "கன்றுகள் என்னுடையவை அல்ல," என்றார். கொஞ்சம் கழித்து, "அந்த நேரத்தில் நான் இந்தப் பக்கம் வந்துவிடுவேன்," என்றார்.

திடலில் கைதட்டல் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம்.

பெஞ்சுக்குத் திரும்பும்போது சம்பந்தி என்னிடம், "குமரன்கிட்ட ஒன்னும் சொல்லாதீங்க. சந்தோசமாக் கூட்டியாந்திருக்கான்," என்றார். மாப்பிள்ளை ஆவலாகக் கேட்டார்: "எப்படிப்பா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுப்பா."

மறுநாள் காலையில் துணிக் கம்பியைச் சுற்றி அவர் நடந்த நடையில் அங்கே ஒரு பாதையே விழுந்துவிட்டது.

ஊருக்கு வந்த பிறகு அந்த வருஷம் ரதம் புறப்பட்டது. பரிவட்டம் கட்டிய காளைக்காரர் முன்னால் நடக்க வேண்டும். இவர் காளைகளுக்குப் பக்கத்திலேயே நடந்தார், செருப்பு இல்லாமல். வழக்கமாக முன்னால் அவர் கால்படும் இடமெல்லாம் தண்ணீர் தெளித்து வைப்பார்கள். காளைகளுக்குப் பக்கத்தில் தெளிக்கவில்லை. வெயில் ஏற ஏறத் தார் கொதித்தது. வழி நெடுகத் தேங்காய் உடைக்கிறார்கள். பினாங்கில் ரதம் என்றால் தேங்காய் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், குவியல் குவியலாக. கூட்டித் தள்ளுவதற்குள் ரதம் வந்துவிடும். காளைகள் அந்த ஓட்டுச் சில்லுகளின் மேல்தான் நடக்க வேண்டும். இத்தனை வருஷம் அந்த ரதத்துக்கு விளக்குப் போடும் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே வந்தவன் நான். சில்லு குளம்பில் குத்துமா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்று சம்பந்தி குனிந்து குனிந்து கையால் பொறுக்குகிறார். பரிவட்டம் கழன்று கழன்று கண்ணில் விழுகிறது.

ஒரு திருப்பத்தில் சின்னவன் நின்றுவிட்டது. உறுமி மேளம் காதடியில் அடிக்கிறது. பின்னாலிருந்து, "ஓட்டுங்கண்ணே, நேரமாச்சு," என்று சத்தம். வண்டி ஓட்டுகிறவர் வழக்கம் போல வாலைப் பிடித்து முறுக்கினார். காளை எழும்பி முன்னால் பாய்ந்தது. கூட்டம் கைதட்டியது.

சம்பந்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். பிறகு காதோடு சொன்னார்: "அந்த ரோடியோல நான் எறங்கிப் போனேன்ல சம்பந்தி? இங்க எங்க எறங்கிப் போறது?"

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் சொல்லிவிட்டார், இனிமேல் காளைகள் வராது என்று. இந்த மலரைப் படிக்கிற பலர் அன்று அங்கே இருந்தீர்கள். நானும் மூலையில் இருந்தேன், கேசரித் தட்டோடு. ஒருவர், "காளை இல்லன்னா அது ரதமா, கார்னிவல் வண்டியா?" என்றார். இன்னொருவர் டிராக்டர் கட்டலாம் என்றார். "நாமதான் இழுக்கணும்," என்றார் சம்பந்தி, நின்றபடி, மேசையைத் தட்டிக்கொண்டு. "வேண்டிக்கிட்டது நாம. இழுக்கறது அதுங்க. இது எந்த ஊர் நியாயம்?"

கோவிந்தன் அண்ணன் கமிட்டி விதிப்படி பேசினார். "அண்ணே, பரிவட்டம் காளைக்காரருக்கு உள்ள மரியாதை. காளை இல்லன்னா அது வேற ஆளுக்குப் போயிடும். யோசிச்சுக்குங்க."

"அப்ப காளை தலையிலயே கட்டியிருக்கணும். அதுதானே இழுத்துச்சு."

பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "மொதல்ல கன்னுக்குட்டிக்குப் பாலை விட்டுட்டு வந்து பேசுங்கண்ணே."

எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மேசையைத் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. "அது சரிதான்," என்றார். "தெரிஞ்ச வரைக்கும் செய்றேன், விடுங்க." வியாபாரத்தை அவர் நிறுத்தவில்லை. ஆனால் அதன் பிறகு கறக்கும் நேரத்தில் கொட்டகையில் மேலும் கீழும் நடப்பார் என்று சம்பந்தியம்மா சொல்வார்.

அந்த வாரமே காளைகளின் மூக்கணாங்கயிற்றை அறுத்து எடுத்தார். மூக்குக் கயிறு இல்லாமல் காளையை நுகத்தில் பூட்டிக் கூட்டத்துக்குள் கொண்டுபோக முடியாது. நாளைக்கே தமக்கு மனசு மாறினாலும் முடியக் கூடாது என்றுதான் அறுத்திருக்கிறார். கழுத்துக் கயிறு மட்டும். முதல் நாளே பெரியவன் அவரை இழுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் தள்ளிவிட்டது. "நல்லா வேணும் எனக்கு," என்று சேற்றோடு நின்று சொன்னாராம்.

மனிதர் பெரிய துறவி என்று நான் எழுதினால் அவருக்கே பிடிக்காது. முதல் மரியாதை போனது அவருக்கு வலித்தது. அடுத்த திருவிழாவில் அந்தத் துணியை வேறொருவர் தலையில் கட்டியபோது, இவர் கை தன்னாலே தலைக்குப் போய், முடியைக் கோதுவது போலக் கோதிவிட்டு இறங்கியது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அந்த வருஷம்தான் ரதத்தை நாம் வடம் பிடித்து இழுத்தோம். சம்பந்தி இடது பக்க வடத்தில் கடைசி ஆள், சக்கரத்துக்குப் பக்கத்தில். அதுதான் ஆபத்தான இடம். எனக்கு இடம் அவருக்கு முன்னால். என் தொப்பையை வைத்துக்கொண்டு நான் ரதத்தை இழுத்தேனா, ரதம் என்னை இழுத்ததா என்று இன்றைக்கும் சந்தேகம். பாதி வழியில் மேடு வந்தது. ரதம் நின்றது. மூச்சு வாங்குகிறது, உள்ளங்கை எரிகிறது, காலுக்கடியில் தேங்காய்ச் சில்லு. பின்னாலிருந்து அதே சத்தம்: "இழுங்கண்ணே, நேரமாச்சு."

நான் திரும்பி, "சம்பந்தி, தயவுசெஞ்சு வாலை மட்டும் முறுக்கிடாதீங்க," என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் வடம் குலுங்கியது. முன்னால் இருந்தவர்கள் என்ன என்று கேட்க, அது வரிசையாகக் காதில் காதில் போய், இரண்டு வடமும் சிரித்தது. அந்தத் திருப்பத்துக் காப்பிக் கடைச் சீன ஆன்ட்டிக்கு என்ன புரிந்ததோ, கையிலிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வடத்தைப் பிடித்தார். இழுத்தோம். நகர்ந்தது. கோயில் வந்து சேர்ந்தபோது இருட்ட ஆரம்பித்துவிட்டது. காளைகள் இருந்த காலத்தைவிட ரொம்பத் தாமதம். கோவிந்தன் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கற்பூரம் காட்டினார். அன்று படியில் சம்பந்தி உட்கார்ந்தார். ஆமாம், உட்கார்ந்தார். கொஞ்ச நேரம்தான். கால் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். காடாற்றுச் சடங்கு முடிந்த பிறகு கோவிந்தன் அண்ணன் மஞ்சள் தோய்த்த புது மூக்கணாங்கயிறு இரண்டை மாப்பிள்ளைக்குக் கொடுத்தனுப்பினார். அன்று காலையில் மாப்பிள்ளை கொட்டகைக்குப் போனார். சம்பந்தியம்மாவிடம், "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்," என்றேன். "அவரு எங்கிட்டக் கேட்டா அறுத்தாரு, நான் சொல்லிக் கட்டாம இருக்க? அவனுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நீங்க போங்க," என்றார்.

போனேன். மாப்பிள்ளை கயிற்றோடு காளைகளுக்கு முன்னால் நின்றிருந்தார்.

"மாமா, அப்பாவுக்கும் கமிட்டிக்கும் மரியாதைப் பிரச்சனைன்னுதானே நிறுத்தினாரு? இப்ப அவங்களே கொண்டாந்து பரிவட்டம் கட்டிட்டாங்க. இனிமே என்னா?"

"அதில்ல மாப்பிள்ளை," என்றேன். "ரோடியோல நாங்க பின்னாடி போனோமே, ஞாபகம் இருக்கா? நீங்க வறுவல் பாத்துக்கிட்டு இருந்தீங்க." ஷெரில் அம்மா கேட்டது, சம்பந்தி கேட்டது, தார் ரோட்டில் அவர் பொறுக்கிய சில்லு, எல்லாவற்றையும் சொன்னேன். உட்காராமல் சொன்னேன், கொட்டகையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே.

மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தார். "எனக்காகவா நல்லா இருந்துச்சுன்னு சொன்னாரு?" என்றார்.

"உங்க மனசு நோகக் கூடாதுன்னு."

"நான் ஆளுங்ககிட்ட வாக்குக் குடுத்துட்டேனே மாமா." கயிற்றின் முனையை எடுத்துச் சின்னவனிடம் போனார். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு உரிமை இல்லை. சொல்லத்தான் உண்டு, சொல்லிவிட்டேன்.

காளை முரண்டு பிடித்திருந்தால், ஒருவேளை மாப்பிள்ளை ஆள் கூப்பிட்டுக் கட்டியிருப்பார். சின்னவன் முரண்டு பிடிக்கவில்லை. மஞ்சள் கயிற்றைப் பார்த்ததும் ஓர் அடி முன்னால் வந்து, தலையைத் தாழ்த்தி, மூக்கைத் தூக்கிக் கொடுத்தது. பழக்கம். அந்தப் பழைய துளை இன்னும் மூடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தது.

மாப்பிள்ளையின் கை அப்படியே நின்றது. அந்த மூக்கின் ஈர மூச்சு அவர் விரலில் பட்டுக்கொண்டிருந்தது. பிறகு கயிற்றைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார். திரும்ப எடுத்தார். திரும்பப் போட்டார்.

"மாமா, வடத்துல அப்பா எந்தப் பக்கம் நின்னாரு?"

"இடது பக்கம். கடைசி ஆளு. சக்கரத்துக்கிட்ட."

"அங்க நான் நிக்கிறேன். லீவு நீட்டிக்கிறேன்."

கோவிந்தன் அண்ணனை அங்கிருந்தே கைப்பேசியில் கூப்பிட்டு, காளைகள் வராது என்றார். அண்ணன், "சரி தம்பி. அப்ப வடத்த எடுத்து வெயில்ல போடணும், போன வருசம் நனைஞ்சுச்சு," என்றாராம். அண்ணே, அதற்கு உங்களுக்கு நன்றி. இந்தக் கட்டுரையில் மாடு அதிகமாகிவிட்டது, மன்னித்து அப்படியே போடுங்கள்.

இந்த வருஷம் ரதம் வரும் வழியில் தேங்காய் உடைப்பவர்கள் கொஞ்சம் ஓரமாக உடையுங்கள். இழுக்கிறவர்களில் பாதிப் பேருக்கு என் வயது, எல்லாரும் வெறுங்காலில் வருகிறோம்.

சம்பந்தி, உங்களை உட்காரச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப் போயிற்று. இனிமேல் சொல்ல மாட்டேன். பெரியவனும் சின்னவனும் கொட்டகையில் நிற்கின்றன, மூக்கில் ஒன்றும் இல்லை. உங்கள் பிள்ளை உங்கள் இடத்தில் வடத்தைப் பிடிப்பார், அவருக்கு முன்னால் நான். நீங்கள் முன்னால் நடந்துகொண்டே இருங்கள். மேடு வரும்போது கொஞ்சம் நேரமாகும். வந்துவிடுவோம்.